பசுமைக் கூரை - யார் தலைக்கு மேல்?

மொட்டை மாடியில் தோட்டம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது நாலு தொட்டியில் ரோஜா, உடைந்த வாளியில் கறிவேப்பிலை, ஓரமாக ஒரு துளசி. பசுமைக் கூரை என்பது அதுவல்ல. இங்கே தொட்டியே கிடையாது, கூரைதான் தோட்டம். தளத்தின் மேல் தண்ணீர் இறங்காத ஒரு படலம், அதன் மேல் வேர் துளைக்காமல் இருக்க ஒரு தடுப்பு, மிச்சத் தண்ணீர் வடிந்து ஓட ஓர் அடுக்கு, மண் அடித்துக்கொண்டு போகாமல் இருக்க ஒரு வடிதுணி, அதற்கு மேல் மண், கடைசியாகச் செடி. இந்த மண்ணும் தோட்டத்து மண் அல்ல. எரிமலைக் கல், செங்கல் தூள் மாதிரி எடை குறைந்த பொருட்களோடு கொஞ்சம் எரு கலந்த கலவை. தோட்டத்து மண்ணை அப்படியே மாடியில் கொட்டினால் என்ன ஆகும் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

இதில் இரண்டு ஜாதி உண்டு. மண் 15 செ.மீ.க்குள் இருந்தால் மெல்லிய கூரை. அதில் தண்ணீரை இலையிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும் சதைப்பற்றுள்ள குட்டிச் செடிகள், புல் இவைதான் வளரும். அதற்கு மேல் போனால் தடித்த கூரை. அதில் புதர் வைக்கலாம், மரம்கூட வைக்கலாம், ஆனால் எடையும் செலவும் பராமரிப்பும் பல மடங்கு. இதை ஒரு தொழிலாகவே வளர்த்தெடுத்தவர்கள் ஜெர்மானியர்கள். எத்தனை அங்குல மண், எவ்வளவு எடை, எந்தச் செடி என்று எல்லாவற்றுக்கும் அங்கே விதிமுறைப் புத்தகமே இருக்கிறது. (ஜெர்மானியர்கள் புத்தகம் போடாமல் எதைத்தான் செய்தார்கள்!)

ஆனால் இதன் நல்லது கெட்டது இரண்டையும் ஒரே ஊரில் பார்க்க வேண்டுமென்றால் ஜெர்மனியை விட அமெரிக்காவின் சிகாகோ நகரம்தான் பொருத்தம். காரணம், அங்கே இந்தக் கதை அழகுக்காகத் தொடங்கவில்லை. பின்னணியில் சாவு இருக்கிறது.

1995 ஜூலை மாதம். சிகாகோ என்றால் பனி, குளிர்காற்று என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அந்த வருடம் ஜூலை 13-ஆம் தேதி மிட்வே விமான நிலையத்தில் 106 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவானது, அதாவது 41 டிகிரி செல்சியஸ். 'இவ்வளவுதானா, எங்கள் ஊர் கத்திரி வெயிலில் இதெல்லாம் சாதாரணம்' என்று வேலூர்க்காரர் சொல்லலாம். ஆனால் அங்கே வெயிலோடு கடுமையான புழுக்கமும் சேர்ந்துகொண்டது. இரவிலும் சூடு இறங்கவில்லை. குளிருக்காகக் கட்டப்பட்ட செங்கல் வீடுகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவெல்லாம் உள்ளே கக்கின. போதாக்குறைக்குப் பல்லாயிரம் வீடுகளில் மின்சாரமும் போனது. பிணவறையில் இடம் இல்லாமல் குளிர்பதன லாரிகளைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தினார்கள். வழக்கமாக அந்த வாரத்தில் இறந்திருக்கக் கூடியவர்களை விட 739 பேர் அதிகமாக இறந்ததாகப் பின்னால் கணக்கிட்டார்கள். உரிமை கோர ஆளில்லாத உடல்களை ஒரே நீளமான குழியில் வரிசையாகப் புதைத்தார்கள்.

இறந்தவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள், தனியாக வாழ்ந்தவர்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்தவர்கள் நடத்தி 1996-ல் வெளியான ஆய்வில் இன்னொரு விஷயமும் வந்தது. கட்டடத்தின் கடைசி மாடியில் குடியிருந்தவர்களுக்கு ஆபத்து அதிகம். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் மே மாதத்தில் படுத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிகாகோவின் பழைய வீடுகளுக்குத் தட்டையான கூரை, மேலே கறுப்புத் தார். வாடகை குறைவான அறைகள் அதற்கு அடியில். ஆக, கூரை என்பது அங்கே உயிர்ப் பிரச்சினை.

அப்போது மேயராக இருந்தவர் ரிச்சர்ட் எம். டேலி. முதலில் சாவு எண்ணிக்கையையே சந்தேகித்துப் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டவர். பிறகு ஐரோப்பாவில் செடி வளர்ந்த கூரைகளைப் பார்த்துவிட்டு வந்து, தன் அலுவலகம் இருந்த நகராட்சிக் கட்டடத்தின் தலையிலேயே ஒன்றைப் போட வைத்தார். 11 மாடிக் கட்டடம், 1911-ல் கட்டி முடித்தது. 2000-ல் நடவு தொடங்கி 2001-ல் முடிந்தது. 20,000 சதுர அடிக்கு மேல் பசுமை, 150-க்கும் அதிகமான வகைகளில் 20,000 செடிகள், இரண்டே இரண்டு மரங்கள். மண்ணின் ஆழம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல, தூண்கள் தாங்கும் இடத்தில் ஆழம், மற்ற இடத்தில் மெல்லியது. 2003-ல் தேனீப் பெட்டிகளும் வைத்தார்கள்.

இந்தக் கட்டடத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பாதிதான் நகராட்சிக்குச் சொந்தம். மறு பாதி மாவட்ட நிர்வாகத்துடையது, அதன் கூரையில் அப்போது பழைய கறுப்புத் தார்தான். யாரும் திட்டமிடாமலேயே ஓர் அருமையான பரிசோதனைக் கூடம் கிடைத்துவிட்டது. 2001 ஆகஸ்ட் 9 மதியம் 1.45 மணிக்கு அளந்து பார்த்தார்கள். செடி இருந்த பகுதியில் 33 முதல் 48 டிகிரி செல்சியஸ். நகராட்சிப் பக்கத்திலேயே கல் பாவிய நடைபாதையில் 52 முதல் 54. தார் பூசிய பக்கத்துக் கூரையில் 76! ஒரே வெயில், ஒரே உயரம். எதைப் பரப்பியிருக்கிறார்கள் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

காரணம் மண்பானைத் தத்துவம்தான். பானையின் மேல் கசிகிற தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. இலையும் அதையேதான் செய்கிறது. கூடவே நிழலும் தருகிறது. ஆனால் இங்கேயே ஒரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. வெளியில் காற்று வறண்டிருந்தால்தான் பானைத் தண்ணீர் நன்றாகக் குளிரும், மழைக்காலத்தில் அவ்வளவாகக் குளிராது. 1995 போன்ற புழுக்கத்தில் ஆவியாதல் மந்தமாகத்தான் இருக்கும். அதற்கு நேர்மாறாக, பல வாரம் மழை இல்லாமல் மண் காய்ந்துபோனால் ஆவியாவதற்குத் தண்ணீரே இருக்காது. வறட்சியைத் தாங்கும் சதைப்பற்றுச் செடிகள் தாங்குவதே எப்படி? பகலில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு, தண்ணீரைக் கஞ்சத்தனமாகச் செலவழித்துத்தான். பிழைக்கத் தெரிந்த செடி ஊரைக் குளிர்விக்காது, ஊரைக் குளிர்விக்கும் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மெல்லிய கூரையை விற்பவர்கள் இதை அழுத்திச் சொல்வதில்லை.

மழை விஷயத்தில் பசுமைக் கூரைக்கு மறுபேச்சில்லாத மதிப்பு உண்டு. சிகாகோவின் பழைய சாக்கடை அமைப்பில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் ஒரே குழாய். பெருமழை பெய்தால் குழாய் நிரம்பி, இரண்டும் கலந்து ஆற்றில் கொட்டும், வீடுகளின் நிலவறைக்குள்ளும் ஏறும். இதற்காக 1975-ல் பூமிக்கு அடியில் சுரங்கம் தோண்டத் தொடங்கினார்கள். மொத்தம் 175 கி.மீ. நீளம்! நகராட்சிக் கூரையோ ஓர் அங்குல மழை பெய்தால் அதில் முக்கால் பங்கைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும் என்கிறது நகராட்சி. மீதியும் உடனே ஓடாமல் மெதுவாக வடிகிறது, சாக்கடைக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. ஆனால் நேற்றே பெய்து மண் நனைந்திருந்தால் இன்றைய மழைக்கு அங்கே இடம் குறைவு. தொடர்மழையில் செடிக்கூரைக்கும் வெறும் கூரைக்கும் இடையே உள்ள வித்தியாசம் சுருங்கிக்கொண்டே போகும்.

இப்போது எடை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் ஒரு கிலோ. 10 செ.மீ. ஆழமுள்ள லேசான கலவையே முழுதாக நனைந்தால் சதுர மீட்டருக்கு 100 கிலோவைத் தாண்டிவிடும். சாதாரணத் தோட்டத்து மண் என்றால் இன்னும் ஏறும். சிகாகோவின் செங்கல் வீடுகளில் சுவர்தான் செங்கல், கூரையைத் தாங்குவது மரச்சட்டம். குளிர்காலப் பனியின் எடைக்காக அதில் ஓர் அளவு விட்டு வைத்திருப்பார்கள். பசுமைக் கூரை அந்த அளவை முழுதாகச் சாப்பிட்டுவிட்டால் ஜனவரியில் பனி எங்கே உட்காரும்? சட்டங்களைப் பலப்படுத்தாமல் வைக்க முடியாது. பலப்படுத்தினால் செலவு தோட்டத்தை விட அதிகமாகிவிடும்.

எடை விஷயத்தில் அசட்டை கூடாது என்பதற்கு சிகாகோவுக்கு வெளியே ஓர் உதாரணம் இருக்கிறது. 2016 மே 20 அன்று ஹாங்காங் நகரப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அரங்கக் கூரை அப்படியே இடிந்து விழுந்தது. அகலமான அரங்கம், நடுவில் தூண் கிடையாது. அந்தக் கூரையின் மேல்தான் பசுமை விரித்திருந்தார்கள். ஏற்கெனவே போட்டிருந்த காரைத் தளம் வரைபடத்தில் இருந்ததை விடத் தடிமன், அதற்கு மேல் செடி அடுக்கு, அதற்கும் மேல் தேங்கிய தண்ணீர் என்று ஒன்றன் மேல் ஒன்றாக எடை ஏறிவிட்டது. சிலர் காயத்தோடு தப்பினார்கள். தேர்வு எழுத மாணவர்கள் கூடுகிற அரங்கம் அது. வேறொரு நாளில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே நடுங்குகிறது. குற்றம் செடியின் மேல் இல்லை. தளம் எவ்வளவு தாங்கும் என்று காகிதத்தில் இருப்பதற்கும் தலைக்கு மேல் உண்மையில் இருப்பதற்கும் உள்ள இடைவெளிதான் குற்றவாளி.

ஒழுகும் என்ற பயத்தையும் சொல்லியாக வேண்டும். உண்மையில் செடி அடுக்கு நீர்க்காப்புப் படலத்தை வெயிலிலிருந்து மறைப்பதால் அதன் ஆயுள் கூடுகிறது. ஆனால் ஒழுக ஆரம்பித்துவிட்டால் ஓட்டை எங்கே என்று தேட மண்ணையெல்லாம் வாரிப் போட வேண்டும். காற்றில் வரும் மர விதைகள் வேறு அங்கே விழுந்து முளைக்கும். அவற்றை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது பிடுங்க ஆள் வேண்டும். திறப்பு விழாவுக்கு வருகிற அமைச்சர் களை பிடுங்க வரமாட்டார்.

சரி, காசுக்கு வருவோம். நகராட்சிக் கூரைக்கு ஆன செலவு சுமார் 25 லட்சம் டாலர். மின்சார நிறுவனத்தோடு நகராட்சிக்கு ஏற்பட்ட ஒரு சமரசத்தில் கிடைத்த பணத்திலிருந்து அது வந்தது. குளிர்சாதன, வெப்பமூட்டும் செலவில் ஆண்டுக்கு மிச்சமாவது சுமார் 5,000 டாலர் என்று மதிப்பிட்டார்கள். வகுத்துப் பார்த்தால் போட்ட பணம் திரும்ப 500 வருடம். இந்தக் கணக்கு முழுக்க நியாயமில்லைதான். அது ஒரு முன்மாதிரி, பழைய கட்டடத்தில் செய்தது, பல ஆழங்களில் சோதனை செய்யவே வடிவமைத்தது. ஆனாலும் மின்கட்டணத்தை மட்டும் காட்டிப் பசுமைக் கூரையை விற்க முடியாது என்பதற்கு இந்த ஒரு வகுத்தல் கணக்கு போதும்.

இதைத் தொடர்ந்து நகரம் சும்மா இருக்கவில்லை. 2005-ல் சிறு கட்டடங்களுக்கு 5,000 டாலர் வரை மானியம் கொடுத்தது. நகர மையத்தில் கட்டுபவர்கள் கூரையில் பாதிக்கு மேல் பசுமை வைத்தால் கூடுதல் பரப்பு கட்டிக்கொள்ளலாம் என்று சலுகையும் தந்தது. அமெரிக்காவிலேயே அதிகப் பசுமைக் கூரைகள் கொண்ட நகரங்களில் ஒன்று என்ற பெயர் கிடைத்தது. 2013 வாக்கில் மொத்தப் பரப்பு 50 லட்சம் சதுர அடியைத் தாண்டியிருந்தது. இதில் 2004-ல் திறந்த மில்லேனியம் பூங்காவும் அடக்கம். தரையில் இருக்கும் பூங்கா போலத் தெரிந்தாலும் 24 ஏக்கருக்கும் மேற்பட்ட அந்த இடம் கார் நிறுத்தத்துக்கும் ரயில் பாதைக்கும் மேல் போட்ட கூரைதான்!

ஆனால் வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் அந்தக் கூரைகள் பெரும்பாலும் லூப் எனப்படும் நகர மையத்திலும் அதை ஒட்டியும்தான் குவிந்திருக்கின்றன. வங்கி, ஹோட்டல், புது அடுக்குமாடி வீடுகள். சலுகை அங்கே இருந்தது, கூரையும் அங்கே முளைத்தது. 1995-ல் அதிகம் செத்தவர்கள் இருந்ததோ தெற்கிலும் மேற்கிலும் உள்ள ஏழைப் பகுதிகளில். இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கூரை குளிர்ந்தால் நேரடிப் பலன் அதற்கு அடுத்த கீழ் மாடிக்கு மட்டும்தான். 50 மாடிக் கட்டடத்தில் 49 மாடிகளுக்குத் தலைக்கு மேல் என்ன வளர்கிறது என்பதே தெரியாது. இரண்டு மாடி வீட்டிலோ பாதிக் குடும்பங்களுக்கு அதுதான் கூரை. அதாவது எங்கே பலன் அதிகமோ அங்கே தாங்கும் சக்தியும் இல்லை, காசும் இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பின் கணக்குப்படி மெல்லிய பசுமைக் கூரையே சதுர அடிக்கு 10 டாலரில்தான் தொடங்கும். 1,000 சதுர அடி வீட்டுக்கு 10,000 டாலர். மானியம் போக மீதி 5,000 டாலரும், மரச்சட்டத்தைப் பலப்படுத்தும் செலவும் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர் எதற்காகப் போடுவார்? புழுங்குவது அவர் இல்லையே.

இங்கேதான் எளிமையான போட்டியாளர் ஒருவர் வருகிறார்: வெள்ளைப் பூச்சு. நம்மூர் மாடியில் சுண்ணாம்பு அடிக்கிற அதே யோசனை. எடை கிடையாது, களை கிடையாது, செலவும் பசுமைக் கூரையில் சிறு பங்குதான். யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் செயற்கைக்கோள் படங்களை வைத்து சிகாகோவில் 1995-க்குப் பிறகு நடந்த மாற்றங்களை ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். நகரத்தைக் குளிர்வித்ததில் செடிகளை விட வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் கூரைகளின் பங்குதான் பெரிது என்பது அவர்கள் கண்டது. செடிக்கூரை பத்திரிகை அட்டையில் வந்தது, வெள்ளைக்கூரை வேலையைப் பார்த்தது! வெள்ளைப் பூச்சிலும் குறை உண்டு. ஒரு சொட்டு மழையைக்கூடப் பிடிக்காது, அழுக்குப் படிந்தால் பலன் குறையும், குளிர்காலத்தில் கிடைக்கிற கொஞ்ச வெயிலையும் திருப்பி அனுப்பிவிடும். வண்ணத்துப்பூச்சியும் வராது. ஆனால் ஒரு தெரு முழுக்க உள்ள கிழவர் கிழவிகளின் அறைகளை அடுத்த கோடைக்குள் கொஞ்சமாவது தணிக்க வேண்டும் என்றால் வேறு வழி எதுவும் இவ்வளவு சுலபமில்லை.

எல்லாக் கூரையையும் மாற்றிவிட்டால்? அதையும் கணினியில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நோட்ரடேம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், பசுமைக் கூரையோ வெள்ளைக் கூரையோ நகரெங்கும் பரவினால் பகல் சூடு குறையும், ஆனால் மிச்சிகன் ஏரியிலிருந்து நகருக்குள் வீசும் காற்றும் தளரும் என்று வந்தது. நிலம் சூடாவதால்தான் ஏரிக்காற்று உள்ளே இழுபடுகிறது. சூட்டைக் குறைத்தால் காற்றும் குறைகிறது, புகை தரைக்குப் பக்கத்திலேயே தங்கக் கூடும். அதே குழுவைச் சேர்ந்தவர்கள் பிறகு, எந்தப் பகுதி மக்களுக்கு வெப்ப ஆபத்து அதிகமோ அங்கே முதலில் போடுங்கள் என்ற கோணத்திலும் ஆராய்ந்தார்கள். இது தொடக்கத்திலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

1995-ஐப் பற்றி எரிக் கிளினென்பர்க் என்ற சமூகவியலாளர் 2002-ல் எழுதிய 'ஹீட் வேவ்' என்ற புத்தகம் கூரைப் பேச்சுக்கு நடுவில் படிக்க வேண்டியது. பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு பகுதிகளை அதில் ஒப்பிடுகிறார். நார்த் லான்டேல், சவுத் லான்டேல். இரண்டிலும் வறுமை உண்டு, தனியாக வாழும் முதியவர்கள் உண்டு, அடித்த வெயிலும் ஒன்றுதான். வடக்கில் லட்சத்துக்கு 40 பேர் இறந்தார்கள். தெற்கில் லட்சத்துக்கு 4 பேருக்கும் குறைவு. வடக்கில் கடைகள் மூடி, வீடுகள் இடிந்து, தெரு வெறிச்சோடி இருந்தது. பயத்தில் முதியவர்கள் ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. தெற்கிலோ கடைத்தெரு, கூட்டம், கதவைத் திறந்தால் மனித முகம். வீட்டில் புழுங்கினால் எழுந்து கடைப் பக்கம் போக முடிந்தது.

1999-ல் மறுபடி வெப்ப அலை வந்தபோது நகராட்சிக் கூரையில் ஒரு புல்கூட நட்டிருக்கவில்லை. ஆனால் முதியவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு விசாரித்தார்கள், வீடு வீடாக ஆள் அனுப்பிக் கதவைத் தட்டினார்கள், குளிரூட்டிய கூடங்களுக்கு இலவசப் பேருந்து விட்டார்கள். அப்போதும் நூற்றுச் சொச்சம் பேர் இறந்தார்கள். ஆனால் 739 இல்லை.

2022 மே மாதத்தில், அதாவது கோடை தொடங்குவதற்கும் முன்னால், சிகாகோவின் வடக்கில் முதியவர்களுக்கான ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் மூன்று பெண்கள் வெப்பத்தால் இறந்தார்கள். வெளியில் திடீரென்று வெயில் ஏறிய நாட்களில் கட்டடத்தின் வெப்பமூட்டும் இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே கொதிக்கிறது என்று குடியிருந்தவர்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள். அடுத்த மாதமே நகரசபை கூடி, இப்படிப்பட்ட கட்டடங்களில் எல்லோரும் வந்து உட்காரக் குளிரூட்டிய பொது அறை இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. நகராட்சிக் கூரைக்கு அப்போது வயது 21.